முகம் அழித்த பரங்கிகள்

உங்கள் வீட்டு மனிதர் ஒருவர் தொடர்ந்து மூச்சு விட வேண்டுமானால், ஊராரை அழைத்து, சாப்பாட்டு மேசையை அழகாக ஜோடித்து, வந்தவர்கள் மனம் இளகினால்தான் உண்டு என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? சொன்னவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்பீர்களா, ஜோடிக்க உட்காருவீர்களா?

வெல்டா ஸ்ட்ரவுட் ஜோடிக்க உட்கார்ந்தாள். சட்டையைப் பிடிக்க அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. நேரம்தான் இல்லை.

ஒஹாயோ ஆற்றங்கரையில் பெல்ஹேவன் என்ற சிற்றூரில், பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டில் உருளைக்கிழங்கு மசியலை அள்ளிப் போடுகிறவள் அவள். புருஷன் ஓரின், வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் இளமை முழுவதையும் கழித்தவன். அறுக்கும்போது கல்லின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் தூசி அடங்கும். பட்டறையில் தண்ணீர் விடவில்லை. ஈரக் கல்லில் கோடு தெரியாது, வேலை தாமதமாகும் என்று முதலாளி சொன்னான். மாவு போன்ற தூசியை ஓரின் வருஷக்கணக்கில் விழுங்கினான். அது நெஞ்சுக்குள் போய்க் கெட்டிப்பட்டது. இருமல் வந்தது, வேலை போனது, வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடும் போனது. முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை பெயர்ப்பலகையைக் கழற்றி, திங்கட்கிழமை பக்கத்து மாவட்டத்தில் வேறு பெயரில் மாட்டினான். வழக்குப் போட்டால் யார் மேல் போடுவது? பழைய கம்பெனி செத்துவிட்டது. கம்பெனிகள் வலியில்லாமல் சாகும்.

மாற்று நுரையீரல் வைத்தால் ஓரின் பிழைப்பான் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். ஆனால் காத்திருப்போர் வரிசையில் பெயர் ஏற வேண்டுமானால், அறுவைக்குப் பிறகான மருந்துக்கும், அந்த நகரத்திலேயே மாசக்கணக்கில் தங்குவதற்கும் பணம் தயாராக இருப்பதாகக் காட்ட வேண்டும். காட்டாதவன் வரிசைக்கே வர முடியாது. "ஏதாவது விருந்து வச்சு நிதி திரட்டலாமேம்மா, நிறையப் பேர் அப்படித்தான் செய்றாங்க" என்று அந்த அலுவலகப் பெண் அன்போடு சொன்னாள். அன்பில் குறையே இல்லை. இந்த நாட்டில் நிலாவுக்கு ஆள் அனுப்பத் தெரிந்தவர்கள், நுரையீரலுக்கு ஸ்பகெட்டி விருந்து வைக்கச் சொல்கிறார்கள்.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை என்று நாள் குறித்தாள் வெல்டா. ஹாலோவீன் சமயம், பரங்கிக்காயில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கிற பேய்த் திருவிழா. குழந்தைகள் வேஷம் போட்டு வரலாம் என்றால் பெற்றோர் தானாக வருவார்கள். தீயணைப்பு நிலையக் கூடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. வாடகை இல்லாமல் கிடைத்தது பாஸ்டர் ஹாஸ்கலின் சபைக் கூடம் ஒன்றுதான்.

"ஏண்டி, ஹாலோவீன்னு போஸ்டர் ஒட்டிட்டு மேசைல வெறுந்துணிய விரிச்சா, கருமாதிச் சாப்பாடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவாங்க" என்றாள் மோசல். பள்ளிச் சமையலறையில் வெல்டாவோடு வேலை செய்பவள். வாய் நீளம், கை அதைவிடத் தாராளம்.

"கடைல விக்கிற ஜோடனை ஒண்ணு வாங்குற காசுக்கு ரெண்டு மேசைக்கு நூடுல்ஸ் போட்டுரலாம், மோசல்."

"அப்ப கைல இருக்கறத வச்சுப் பண்ணு."

கையில் என்ன இருந்தது? சமையலறை ஜன்னலில் ஓரினின் காலி மாத்திரை டப்பாக்கள் வரிசையாக நின்றன. இந்த ஊர் மருந்துக்கடைகளில் மாத்திரையை எண்ணிப் போட்டுத் தருகிற ஆரஞ்சு நிற டப்பாக்கள், வெள்ளை மூடி. மத்தியான வெயில் உள்ளே புகுந்ததும் அவை பழுத்த பரங்கிக்காய் போல ஒளிர்ந்தன. வெல்டா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பள்ளிச் சமையலறை வாசலில் மோசல் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, 'காலி மாத்திரை டப்பா போடவும்' என்று எழுதினாள். ஊர் அள்ளிக் கொட்டியது. சர்க்கரைக்கு, ரத்தக் கொதிப்புக்கு, மூட்டு வலிக்கு, தூக்கம் வராததற்கு. வாரம் முடிவதற்குள் பெட்டி நிரம்பி, இரண்டு சாக்குப் பைகளும் நிரம்பின.

"இவ்வளவு பேரு நோயாளியா நம்ம ஊர்ல?" என்றாள் வெல்டா.

"இது மாத்திரை வாங்க முடிஞ்சவங்க கணக்கு மட்டும்" என்றாள் மோசல்.

டப்பாக்களை வினிகர் கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு மேலே ஒட்டியிருந்த தாளை உரித்தாள். பிசினைச் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். கொல்லையில் பட்டுப்போன ஆப்பிள் மரத்தின் கிளைகளை ஒடித்து, அடுப்புக்குப் பூசி மிஞ்சிய கறுப்புச் சாயத்தை அடித்தாள். பள்ளியில் தூக்கியெறியும் பெரிய தக்காளி டின்களில் ஆற்றுக் கூழாங்கல்லை நிரப்பிக் கிளைகளை நட்டாள். ஓரினின் நெஞ்சைத் துளையிட்டுச் சோதித்தபோது வாங்கிய கட்டுத்துணியில் மிஞ்சிய சல்லாத் துணியைக் கஞ்சியில் தோய்த்து, கிண்ணத்தின் மேல் போர்த்திக் காயவைத்தாள். காய்ந்து விறைத்ததும் கிண்ணத்தை எடுத்தால் துணி தானாகவே நிற்கும், குட்டிப் பேய். போன கிறிஸ்துமஸின் பேட்டரி விளக்குச் சரத்தைக் கிளைகளில் சுற்றி, ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு விளக்கை நுழைத்துத் தொங்கவிட்டாள். கறுப்பு மரத்தில் ஆரஞ்சுப் பழம் காய்த்தது போல இருந்தது. காசு என்று போனது கஞ்சி மாவுக்கு மட்டும்தான்.

முகம் வரைந்தது ஓரின். மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் பலகை, கையில் கறுப்பு மார்க்கர். கல்லில் மயிரிழை பிசகாமல் கோடு போட்ட கை. ஒரு முகம் வரைந்ததும் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வான். மூச்சு திரும்பி வந்ததும் அடுத்தது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

"இது யாரு? இப்படி முழிக்குது?"

"மொதலாளி. வாயப் பாத்தியா? சம்பள நாள்ல இப்படித்தான் சுருக்கிக்குவான்."

"இது?"

"நீதான். உருளக்கிழங்கு தீஞ்சு போன அன்னிக்கு."

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் போய், அது இருமலாகி, இருமல் நிற்கிற வரை அவள் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மோசல் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பொண்ணே, இத பாஸ்டர் விடுவாரா?"

"கேட்டுட்டேன். பரங்கி தாராளமா வைக்கலாம், பேய் கீய் மட்டும் வேணாம்னாரு. அதான் துணிப் பேய வீட்லயே விட்டுட்டுப் போறேன்."

"பரங்கின்னு கேட்டியா, மூஞ்சி போட்ட பரங்கின்னு கேட்டியா? அவங்களுக்கு மூஞ்சி இல்லேன்னா அறுவடை விழா. ரெண்டு கண்ணு ஒரு வாய் வச்சா ஹாலோவீன், பேயோட பொறந்தநாளு."

"சிரிக்கிற மூஞ்சிதானே. இதப் பாத்து யாரு பயப்படப் போறா?"

சபைக்குப் போகாதவள் செய்கிற தப்பு அது. சிரிப்பு மதத்துக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கூடத்தில் தக்காளிச் சாறு பெரிய அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. மேசைகளை இழுத்துப் போட்டவர் பாஸ்டர் ஹாஸ்கலேதான். நெட்டை மனிதர், மெதுவான குரல், யாருக்கும் தனியாகக் கெடுதல் நினைக்காதவர். மரங்களைக் கொண்டுவந்து வைத்து விளக்கைப் போட்டதும் அவர் முகம் மாறியது.

"சிஸ்டர் வெல்டா, ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்க. ஆனா முகம் இருக்கே."

"சிரிக்குது, பாஸ்டர்."

"சாத்தானும் சிரிப்பான், சிஸ்டர்."

"அவனுக்கென்ன, நுரையீரல் நல்லாருக்கும்" என்றாள் அண்டாப் பக்கமிருந்து மோசல்.

பாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஹாலோவீன்னு போஸ்டர் பாத்ததுக்கே நாலு குடும்பம் என்கிட்ட வருத்தப்பட்டாங்க. பலிபீடம் இருக்கற கூரைக்குக் கீழ இத நான் வைக்க முடியாது. முகத்த மட்டும் தொடச்சிருங்க, மத்தது இருக்கட்டும். இல்லேன்னா நான் கதவத் திறக்க முடியாதும்மா."

"ஆளுங்க வர்ற நேரம், பாஸ்டர். அத்தனையும் அவரு வரஞ்சது."

"நான் அவருக்காக தினமும் ஜெபம் பண்றேன்."

வெல்டாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஒரு மனிதனின் நெஞ்சைத் தூசி கல்லாக்கிக்கொண்டிருந்த வருஷங்களில் எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசாத சபை, டப்பாவில் இழுத்த இரண்டு கண்ணுக்கு நடுங்குகிறதா? மார்க்கர் கோட்டுக்கே பயப்படுகிற கடவுள், கல் பட்டறை முதலாளியை எப்படிக் கேள்வி கேட்பார்? கேட்கவில்லை அவள். கேட்டால் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் விருந்து இல்லை, பணம் இல்லை, வரிசை இல்லை, ஓரின் இல்லை. வேறு வழியில்லாதவளின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதுதான் உலக வழக்கம்.

ஓரின் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "தொடச்சிரு, வெல்."

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். அந்த வாடையில் ஓரினுக்குத் திணறியது; அவனை வாசல் காற்றில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வந்து வெல்டா மீண்டும் துடைத்தாள். முதலாளியின் சுருங்கிய வாய் போயிற்று. உருளைக்கிழங்கு தீய்ந்த நாளின் வெல்டாவும் போனாள்.

துடைத்து முடித்து விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது. முகம் இருந்தவரை அவை பரங்கி. முகம் போனதும் மாத்திரை டப்பா. மேசைக்கு மேசை, கறுப்புக் கிளையில் தொங்குகிற வெறும் மாத்திரை டப்பா. இதைவிட ஒரு பேயை வைத்திருக்கலாம்.

"எடுத்துரவா?" என்றாள் மோசல். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து வெல்டா கேட்டதில்லை.

"வேற என்ன இருக்கு வைக்க?"

ஜனம் வந்தது. இளவரசிகளும் பூனைகளும் எலும்புக்கூடு சட்டைகளும் ஓடி வந்தன. பெரியவர்கள் தட்டோடு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் நடுவில் தொங்கியதைப் பார்த்தார்கள். ஒருவர் அகலமான டப்பாவைத் தொட்டு, "இது எங்க வீட்டு சைஸ்" என்றார். எதிரே இருந்தவள் முள்கரண்டியை வைத்துவிட்டுத் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே அதே டப்பா இருந்திருக்கும். சிலர் பாதித் தட்டோடு எழுந்து போனார்கள். துயரத்தைப் பார்க்க யாரும் சீட்டு வாங்குவதில்லை. வெல்டா பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு காலி நாற்காலியையும் பார்த்தாள்.

விருந்து முடிவில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலிக்கு அடியில் யாருக்குச் சிவப்பு வில்லை ஒட்டியிருக்கிறதோ அவர் அந்த மேசை ஜோடனையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எல்லோரும் குனிந்து தடவினார்கள். வில்லை கிடைத்தவர்கள் சொல்லவில்லை. கடைசியில் லாரி ஓட்டும் லெமுவல் எழுந்தார். போன குளிர்காலத்தில் மனைவியைப் புதைத்தவர்.

"எனக்கு வந்திருக்கும்மா வெல்டா. ஆனா எனக்கு வேணாம். எங்க வீட்ல ஒரு டிராயர் நெறய இருக்கு. அவ போயிட்டா, டப்பா போகல."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே நிறுத்திக்கொண்டார்.

பாஸ்டர் ஒலிபெருக்கியை வெல்டாவிடம் தந்தார். நன்றி சொல்லி ஜெபத்துக்குத் தலைகுனியச் சொல்வது முறை. அவள் நன்றி சொன்னாள். பிறகு தலைகுனியவில்லை.

"இதுல முகம் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் வரஞ்சாரு. தொடைக்கச் சொன்னாங்க, தொடச்சுட்டேன். அதுக்காக நான் அழல. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். ஆண்டவன் சித்தம், தலையெழுத்துன்னு ஆறு மாசமா எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றீங்க. அந்தப் பட்டறைல, ஓரின் நின்ன எடத்துலேருந்து நாலு எட்டு வச்சா தண்ணிக் குழா இருந்துச்சு. ஒரு ரப்பர் டியூப் மாட்டல. அவ்வளவுதான் சித்தம். உங்க சமையல் மேடையெல்லாம் பளபளன்னு இருக்கு. என்னுதும் இருக்கு. யாரு அறுத்தாங்கன்னு நாம யாரும் கேக்கல."

ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்டாவைக் கழுவப் போனாள். பாஸ்டர் ஜெபம் செய்தார். வழக்கத்தைவிடச் சுருக்கமாகவே செய்தார். லெமுவல் தலைகுனியாமல் போய் நிதிக்கு வைத்திருந்த உண்டியலில் ஏதோ போட்டார். இன்னும் சிலர் அவர் பின்னால் போனார்கள்.

போதவில்லை. பாதிகூடத் தேறவில்லை. திங்கட்கிழமை வெல்டா ஆஸ்பத்திரிக்குப் பேசியபோது அதே அன்பான குரல், பணம் தயாரானதும் கோப்பைத் திறக்கலாம் என்றது. அதுவரை அது மூடியிருக்கும். ஓரினின் நெஞ்சும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருக்கும்.

மரங்களில் ஒன்று இப்போது அவர்கள் சமையலறையில், அவன் அறுத்த கல்லின் மேலேயே நிற்கிறது. மார்க்கரைப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஓரின் ஒரு கண் வரைந்தான். இன்னொரு கண்ணுக்கு மூச்சு எட்டவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றான். அவள் அந்த டப்பாவை எடுக்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு அது தொங்குகிறது, குளிர்காலம் வருவதைப் பார்த்துக்கொண்டு.

இதைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டிப் போகாதீர்கள். உங்கள் வீட்டுச் சமையல் மேடையும் யாரோ ஒருவர் அறுத்த கல்தான். அந்தப் பட்டறை உங்கள் ஊரில், பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கே போங்கள். அறுக்கிற பிளேடின் மேல் தண்ணீர் ஓடுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஓடவில்லையென்றால், ஓடும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.