ஜெட் படகுகள் செய்த பல் செட்டு ஜெகநாதன்

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசி மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்ப அழைத்தேன்.

"டாக்டரம்மா, அவுக போயிட்டாக. விடியக்காலம், மதுர ஆஸ்பத்திரியில. பன்னெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்துருவோம்" என்றார் ஜெகநாதனின் மனைவி சுந்தரி அம்மாள். ஆறு நாட்களாக நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் தவித்தவர் ஜெகநாதன். மீண்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைக்கு வரவேண்டிய எல்லோரையும் மறுநாள் வரச் சொல்லிவிட்டு க்ளினிக்கைப் பூட்டினேன். பதினெட்டு வருடத்தில் வேலை நாளில் நான் அதைப் பூட்டியது அதுதான் முதல் தடவை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அருப்புக்கோட்டையில் பல் மருத்துவர். பல் இழந்தவர்களின் வாயில் நான் அளவெடுத்து அனுப்புவேன். அந்த அளவை வைத்துப் பல் செட்டு செய்து தந்தவர் ஜெகநாதன். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. திருச்சுழி வரைக்கும், அதற்கு அப்பாலும், இன்றைக்கும் அவர் செய்த பல்லோடு சோறு தின்கிறவர்கள் ஏராளம். பின்னறையில் அவர் வேறொன்றும் செய்தார். அது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

க்ளினிக்கில் ஓர் இயந்திரம் உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் படிய உறிஞ்சிக்கொள்ளும். பல்லுக்குக் கிளிப் செய்ய வாங்கியது. ஒரு நாள் மதியம் அவர் வந்து, "டாக்டர், அந்த மிஷின அஞ்சு நிமிஷம் தருவீகளா? தகடு நான் கொண்டாந்துருக்கேன்" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த அச்சு எந்த மனிதப் பல்லைப் போலவும் இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பக்கம் கூம்பிய சிறு மேடு.

"இது யாரோட வாய்?" என்று கேட்டேன்.

"பைலட்டு உக்கார்ற எடத்தோட கண்ணாடி, டாக்டர். கிட்டுப் பெட்டியில வந்தது வழியில நொறுங்கிப்போச்சு."

அன்று மாலையே பின்னறையைப் பார்க்கப் போனேன். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. அதற்குள் மாதிரி ஜெட் விமானங்கள். எல்லாவற்றுக்கும் அடிவயிறு படகு போலக் கூராக இருந்தது. ஓடுபாதைக்குப் பதிலாக நீரிலிருந்து கிளம்பி நீரிலேயே இறங்குவதற்காகச் செய்யப்பட்டவை. ஜெட் பறக்கும் படகுகள். உலகத்திலேயே சில வகைகள்தான், அவற்றிலும் பல ஓரிரண்டு செய்து பார்த்ததோடு கைவிடப்பட்டவை என்றார் ஜெகநாதன். அவற்றின் மாதிரிகளைப் பெரிய கம்பெனிகள் விற்பதில்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் தன் கார் நிறுத்துமிடத்தில் பாகம் பாகமாக வார்த்து, 'கிட்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார். பாதிப் பாகம் கோணலாக வரும், சில பாகம் வராது. வராததை இவர் பல் மெழுகிலும் பல் பிளாஸ்டிக்கிலும் தானே செய்துகொள்வார்.

"இத்தனை விமானம் இருக்கையில் இது ஏன்?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஜெட்டு எஞ்சினுக்குள்ள தண்ணி போகப்படாது. படகு தண்ணியில நிக்காம ஆகாது. ரெண்டுக்கும் ஒத்து வராதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சும் செஞ்சு பாத்துருவோம்னு உக்காந்தாக பாருங்க, அவுகள எனக்குப் பிடிக்கும்."

ஊரில் கேலி பேசாமல் இல்லை. டீக்கடையில் ஒருவர், "கண்மாயில முழங்கால் தண்ணியக் காணோம், இவரு தண்ணியில எறங்குற பிளேன் செய்றாரு" என்றபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஜெகநாதன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "கண்மாய் நெறஞ்சிருந்தா பொம்ம எதுக்குண்ணே, நெசத்தையே எறக்கச் சொல்லிருப்பேன்ல" என்றார். கேலி செய்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவருடைய கைத்திறனை எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது வேறு ஒன்றை. ஒருமுறை பதினான்கு மாதம் உழைத்து ஒரு மாதிரியை முடித்து, அதன் படங்களை இணையத்தில் மாதிரி செய்பவர்களின் குழுவில் போட்டார். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பாராட்டினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு முதியவர் எழுதியிருந்தார். ஆங்கிலம் நீளமாக இருந்ததால் ஜெகநாதன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார், படித்துச் சொன்னேன். இளவயதில் அந்த விமானம் செய்யப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவராம் அந்த முதியவர். எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் இவ்வளவு வட்டமாக இருக்காது, மேல் உதடு சப்பையாக இருக்கும், அலை தெறித்து உள்ளே போகாமல் இருக்க அப்படி வைத்தோம் என்று எழுதியிருந்தார்.

குழுவில் மற்றவர்கள், அது கிட் செய்தவரின் தவறு, விட்டுவிடுங்கள் என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

"அதெப்பிடி டாக்டர்? நான் படத்தப் பாத்தவன். அவரு தொட்டுப் பாத்தவரு" என்றார் ஜெகநாதன்.

வண்ணம் பூசி முடிந்த மாதிரியின் இரண்டு எஞ்சின் வாய்களையும் அறுத்து எடுத்தார். புதிதாக மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, வார்த்து, பொருத்தி, மறுபடி வண்ணம் பூசி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. படத்தை அனுப்பிய மறுநாள் பதில் வந்தது. ஒரே ஒரு வரி: 'ஆமாம், இப்படித்தான் இருந்தது.' அதை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை தானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன் அதே மனிதர் என் மேசை மேல் ஒரு பல் செட்டை வைத்து, "இத எம்.ரெட்டியபட்டி அம்மாவுக்கு மாட்டிராதீக" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதைச் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. பல்ல மெழுகுல நிறுத்துறப்ப கை ஆடிருச்சு. அந்தம்மா கடலை கடிக்கிறவுக. ஒரு பக்கம் மட்டும் தாங்குனா ஈறு புண்ணாயிரும்." கையை மேசை மேல் வைத்துக் காட்டினார். விரல்கள் தாமாக மெல்ல நடுங்கின. மதுரையில் நரம்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "இனிமே எனக்கு அனுப்பாதீக, டாக்டர். விருதுநகர்ல ஒருத்தரு நல்லாச் செய்றாரு. பேசி வச்சிட்டேன்."

யாரும் கண்டுபிடிக்காத தவறுக்காகத் தன் தொழிலைத் தானே நிறுத்திக்கொண்ட வேறொருவரை நான் பார்த்ததில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு அந்தப் பல் செட்டை அளவுக் கருவியில் மாட்டி நானே சோதித்தேன். இடப்பக்கம் மயிரிழை உயரம். அவர் சொன்னது சரி.

பின்னறையில் அப்போது பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தது. நான்கு ஜெட் எஞ்சின் கொண்ட பெரிய பறக்கும் படகு. அவர் பல வருடம் தேடி வாங்கியது. சில மாதம் அது அப்படியே கிடந்தது. சுந்தரி அம்மாள் ஜாக்கெட் தைப்பவர். கணவரின் பின்னறைக்குள் பெருக்குவதற்குக் கூடப் போகாதவர், "பசை நாத்தம்" என்பார். ஒரு நாள் அவரே பெட்டியைப் பிரித்து மேசை மேல் கொட்டி, "வாயால சொல்லுங்க, நான் ஒட்டுறேன்" என்றாராம்.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் சண்டைதான்.

"சுந்தரி, எடப்பக்க ரெக்கை ஒரு நூலு எறங்கியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"குனிஞ்சு, கண்ண மேசைக்கு நேரா வச்சுப் பாரு."

"ஜாக்கெட்டுல ஒரு நூலு எறங்குனா எவளும் செத்துற மாட்டா."

"பிளேன்ல எறங்குனா பைலட்டு செத்துருவான்."

அந்த விமானத்தின் இறக்கை முனைகளில் இரண்டு மிதவைகள் உண்டு. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது நீரில் சாயாமல் நிற்கும். மூன்று தடவை இறக்கையைப் பிரிக்கச் சொன்னார் ஜெகநாதன். மூன்று தடவையும் அந்த அம்மாள் திட்டிக்கொண்டே பிரித்தார். இரண்டு வருடம் ஓடியது. அவருடைய குரலும் மெலிந்து, காதை அருகில் வைத்தால்தான் கேட்கும் என்றானது. அப்போதும் வேலை நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உறவினர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். சுந்தரி அம்மாள் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். மேசையில் நான்கு எஞ்சின் பறக்கும் படகு, கருநீலமும் வெள்ளையுமாக, முழுசாக நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு இதக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, சரியா இருக்குன்னாக" என்றார். பிறகு கேட்டார்: "அவுகளுக்கு முடியல. என்னைய இன்னும் அலைய விடவேணாம்னு சும்மா சொல்லிட்டாகளோன்னு இருக்கு, டாக்டரம்மா. நீங்க அளவு பாக்குற ஆளு. நெசமாச் சொல்லுங்க, சரியாத்தான் இருக்கா?"

இரும்பு ஸ்கேலை எடுத்துத் தந்தார். நான் தரையில் முட்டிபோட்டு, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இடப்பக்க மிதவைக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். பிறகு வலப்பக்கம். நம்பிக்கை வராமல் திரும்ப இடப்பக்கம்.

"சரியா இருக்கும்மா. ரெண்டு பக்கமும் ஒரே அளவு" என்றேன்.

"ஒரு நூலு கூட இல்லையா?"

"ஒரு மயிரிழை கூட இல்லை."

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.

ஜெகநாதன் அவர்களே, நீங்கள் சரி என்றதை அளந்து பார்த்ததற்கு மன்னியுங்கள். உங்கள் மனைவிக்காகத்தான் பார்த்தேன். நிம்மதியாக உறங்குங்கள்.