வலைக்கு அந்தப் பக்கம்

எட்டாம் வகுப்பில் என்னை ‘மீன்காரி’ என்று கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் மீன் விற்கவில்லை. நான் அடித்த வாலிபால் எல்லாம் தவறாமல் வலையில் போய் விழுந்ததால் வந்த பெயர் அது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு நடந்த ஓர் ஆட்டத்தில் சர்வீஸ் போட ஐந்து முறை எனக்கு முறை வந்தது. ஐந்தும் வலைக்குள். ஐந்தாவது பந்தை எடுத்து எதிரணிப் பெண்ணிடம் உருட்டிவிட்டபோது அவள் எனக்கு நன்றி சொன்னாள். அதுதான் ரொம்ப வலித்தது.

எங்கள் கேப்டன் பத்தாம் வகுப்பு அக்கா. என்னை வைத்துக்கொண்டே பி.டி. மிஸ்ஸிடம், “குறுவட்டப் போட்டிக்கு இவ வேணாம் மிஸ்” என்றாள். மிஸ் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல், “அதுக்கு இன்னும் நாப்பது நாளு கெடக்கு. பாப்போம்” என்றார். அந்த ‘பாப்போம்’ என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதல்ல, பதிவேட்டை முடிப்பதற்காகச் சொன்னது என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். தோல் உரிந்த பழைய பந்து ஒன்றை மிஸ்ஸிடம் கெஞ்சி வாங்கிப் புத்தகப் பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது நாங்கள் விளாங்குடியில் இருந்தோம். வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. சீமைக்கருவேல் ஒரு பக்கம், யாரோ வீடு கட்டிக் கொட்டிய செங்கல் துண்டுகள் மறுபக்கம். நடுவில் மிச்சமிருந்த இடத்தில் வேப்பமரத்துக்கும் எங்கள் சுற்றுச்சுவரின் கம்பிக்கும் குறுக்கே கொடிக்கயிற்றை உயர்த்திக் கட்டி, அம்மாவின் கிழிந்த சேலை ஒன்றைத் தொங்கவிட்டேன். வலை தயார். காலை ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சேலையிலும் பந்து மோதத்தான் செய்தது. தப்பித் தவறி அந்தப் பக்கம் போனால் முள்ளுக்குள் போனது. ஒரு பந்து அடிக்க அரை நிமிடம், தேடி எடுக்க ஐந்து நிமிடம். மூன்றே நாளில், எனக்குத் தேவை திறமை அல்ல, பந்து பொறுக்கிப் போட ஓர் ஆள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஆள் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை. கல்யாணமாகி இரண்டு வருஷம். வாடிப்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஆடியில் ஒரு பையோடு வந்தாள். ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆடி முடிந்தது, ஆவணியும் பாதி போனது, அத்தை போகவில்லை. சமையல்கட்டை ஒட்டிய அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தெருக்கதவுப் பக்கம் வரமாட்டாள். வந்தால், “எப்ப வந்த? எப்பப் போற?” என்று யாராவது கேட்பார்கள்.

“நீ சும்மாதான அத்த இருக்க. வந்து பந்து எடுத்துப் போடு.”

அடுப்படியிலிருந்து அம்மா என்னை முறைத்தாள். ஏன் முறைக்கிறாள் என்று தெரியவில்லை. அத்தை மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “வாரேன். நட” என்றாள்.

பந்து பொறுக்குவதில் அத்தை கெட்டிக்காரி. முள்ளுக்குள் குச்சியை விட்டு ஒரே நெம்பில் வெளியே எடுத்துவிடுவாள். ஆனால் பந்து காற்றில் தன்னை நோக்கி வந்தால் மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே குனிந்துவிடுவாள். பந்து விழுந்து உருண்டு நின்ற பிறகும் சற்று நேரம் கையை எடுக்கமாட்டாள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் நடித்துக்கூடக் காட்டினேன்.

ஒரு வாரத்தில் என் வலது உள்ளங்கை வீங்கிவிட்டது. அடிக்க முடியவில்லை. அதற்காக வீட்டுக்குப் போக மனமில்லாமல், இடது கையால் பந்தைத் தூக்கிப் போடுவதும் அது தரையில் விழுவதை வேடிக்கை பார்ப்பதுமாக நின்றேன். அத்தையும் வேலையில்லாமல் நின்றாள். பொழுதுபோகாமல், பந்து விழுந்த இடத்திலெல்லாம் கையிலிருந்த குச்சியால் ஒரு கோடு கிழித்தாள். பதினோரு முறை போட்டேன். பதினோரு கோடும் பதினோரு இடத்தில் இருந்தன. ஒன்று என் முதுகுக்குப் பின்னால்கூட இருந்தது.

அத்தை கோடுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இது எங்க வரும்னு உனக்கே தெரியலயே. உங் கைக்கு எப்புடித் தெரியும்?” என்றாள்.

அதுவரை என் கைக்குப் பலம் போதாது என்றே நினைத்து, தினமும் இரண்டு முட்டை கேட்டு அம்மாவைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன். குற்றம் அடிக்கிற கையில் இல்லை, தூக்கிப் போடுகிற கையில் இருந்தது.

அன்றிலிருந்து எட்டு நாள் நான் பந்தை அடிக்கவே இல்லை. இடது காலை முன்னே வைத்து நின்று, வலது தோளுக்கு நேர் முன்னால் பந்தைத் தூக்கி விட வேண்டும். அடிக்காமல் விட்டால் அது சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் விழ வேண்டும். வட்டத்தை அத்தை கோலமாவால் போட்டாள். விழுந்தால் எண்ணுவாள், விழாவிட்டால் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். பத்தொன்பதில் ஒருமுறை தப்பியபோது, கோட்டின் மேல்தான் விழுந்தது என்று சண்டை போட்டேன். “வெளியதான் விழுந்துச்சு. ஒண்ணு” என்றாள். எங்கள் வீட்டில் அத்தையின் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அதுதான் முதல்தடவை. அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீக்கம் வடிந்ததும் அடிக்கத் தொடங்கினேன். விரல்களால் அறைந்தால் பந்து சேலையில்தான் போய் விழுகிறது, மணிக்கட்டை விறைப்பாக வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் குத்தினால் எழும்புகிறது என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்தேன். பின்காலில் இருக்கிற உடம்பை முன்காலுக்குக் கொண்டுவந்தால் கையை ஓங்கவே தேவையில்லை என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் நான்கு நாள் ஆனது. ஒருநாள் காலை, அடித்த சத்தமே வேறு மாதிரி வந்தது. தேங்காயைக் கல்லில் போட்டால் வருமே, அந்த மாதிரி. பந்து சுழலாமல், ஆடாமல், சேலைக்கு மேலே ஒரு முழம் இடம் விட்டுப் போய் அத்தையின் நெஞ்சுக்கு நேரே இறங்கியது. அத்தை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. பிடித்துவிட்டாள். பிடித்ததை அவளாலேயே நம்ப முடியாமல் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் வெகுநேரம் சிரித்தோம்.

அதற்குப் பிறகு அத்தை இடம் மாறி மாறி நின்றாள். இடது மூலையில் நின்று, “இங்க போடு பாப்பம்” என்பாள். போடுவேன். வலது மூலைக்கு ஓடுவாள். போட்டியின் வாரம் வந்தபோது பத்துக்கு எட்டுப் பந்தை அவள் இருக்கும் இடத்தில் இறக்கினேன். பள்ளிக்கூடத்தில் கேப்டன் என்னை நான்கு முறை சர்வீஸ் போடச் சொல்லிப் பார்த்தாள். ஆறு பேர் அணியில் என் பெயரை எழுதச் சொன்னாள்.

போட்டி ஒரு சனிக்கிழமை, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில். அன்று காலை எழுந்தபோது வீடு மணத்தது. அம்மா கேசரி கிண்டி வடைக்கு மாவு ஆட்டியிருந்தாள். அப்பா லீவு போட்டுவிட்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். அத்தை பச்சைப் பட்டு உடுத்தித் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். ஒரு போட்டிக்கு வீடே இவ்வளவு செய்கிறதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இதுவரை இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று வருத்தமும் வந்தது.

“புள்ளைய பஸ் ஏத்தி விட்டுட்டு வாரேன்” என்று அத்தை என் பையை எடுத்தாள்.

“வெரசா வந்துரு. பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாக” என்றாள் அம்மா.

பஸ் வந்தது. நான் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையசைத்தேன். அத்தை கையசைக்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு, பட்டுச்சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறிவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடிய மூச்சு அடங்கும்வரை கண்ணை மூடியிருந்தாள். “ஆட்டத்தப் பாக்காம இருக்க முடியல” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் அரையிறுதியை எளிதாக ஜெயித்தோம். இறுதி ஆட்டம், எனக்கு நன்றி சொன்ன அதே பள்ளிக்கூடத்தோடு. ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் பதினைந்து புள்ளி. அவர்கள் பதின்மூன்று, நாங்கள் எட்டு. அவர்கள் அடித்த பந்து ஒன்று வெளியே போய் எங்களுக்கு ஒன்பது ஆனது. சுற்று மாறியது. சர்வீஸ் என் கைக்கு வந்தது.

எதிர்ப்பக்கம் ஒரு குரல், “மீன்காரிடி, கவலப்படாத” என்றது. பெயர் அந்தப் பள்ளிக்கூடம் வரை போயிருந்தது. பந்தைத் தரையில் தட்டித் தட்டி நேரம் கடத்தினேன். வட்டம் எங்கே இருக்கும் என்று மண்ணைப் பார்த்தேன். இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது, இவ்வளவு நேரம் எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். எதிரணியின் கோட்டுக்கு அப்பால், இடது மூலைக்கு நேர் பின்னால் போய் நின்றாள். காலி மனையில் நிற்பது போலவே, சேலையைச் செருகிக்கொண்டு.

தூக்கிப் போட்டேன். பந்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குத்தினேன். அது வலையைத் தாண்டி இடது மூலையில் இரண்டு பேருக்கு நடுவே விழுந்தது. நீ எடுப்பாய் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து. அத்தை வலது பக்கம் நகர்ந்தாள். வலது பக்கம் போட்டேன். பதினொன்று. அடுத்ததை ஒரு பெண் கையில் வாங்கினாள், பந்து பின்னால் வேலிக்குப் பறந்தது. பன்னிரண்டு. அவர்களின் மிஸ் ஆட்டத்தை நிறுத்தி ஆறு பேரையும் திட்டினார். எங்கள் கேப்டன் என் அருகே வந்து, ஏதாவது பேசினால் கலைந்துவிடுமோ என்று பயந்தவளைப் போல, என் தோளில் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டுப் போனாள்.

பதின்மூன்று. பதினான்கு. மைதானத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எதிரணிப் பெண்கள் இப்போது பின்னால் தள்ளி நின்றார்கள். அத்தை கையைத் தாழ்த்தி, கிட்டே, கிட்டே என்று காட்டினாள். நான் மெல்லக் குத்தினேன். பந்து வலையின் மேல் விளிம்பை உரசி ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கியது. எடுக்க ஓடிவந்த பெண் முழங்காலில் விழுந்தாள். எனக்கு நன்றி சொன்னாளே, அவள்தான்.

என்னைத் தூக்கினார்கள், கீழே போட்டார்கள், மறுபடி தூக்கினார்கள். “எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இத?” என்று கேப்டன் என் காதைப் பிடித்துத் திருகினாள். அத்தை வேலி ஓரம் நின்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்தால் பெரியவர்கள் அப்படித்தான் அழுவார்கள் என்று நினைத்தேன்.

கோப்பையை ஒருநாள் வீட்டில் காட்ட மிஸ் அனுமதி தந்தார். எனக்கு உடனே வீட்டுக்குப் பறக்க வேண்டும். அத்தை என்னைத் தெப்பக்குளக் கரைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீரில்லாத குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவித்த கடலை வாங்கிக்கொடுத்தாள். போவோம் என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும், “செத்த இரு” என்றாள். வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தாள். பஸ்ஸில் கோப்பையை அவளே மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் பாய் விரித்தபடி கிடந்தது. ஆடை கட்டிய காபி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. வடை யாரும் தொடாமல் காய்ந்திருந்தது.

“ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாக. எந்திரிச்சுப் போயிட்டாக” என்றார் அப்பா, அத்தையைப் பார்க்காமல்.

எனக்கு வியப்பாக இருந்தது. நான் ஜெயித்த செய்தி அதற்குள் எப்படிப் பரவியது, கோப்பையைப் பார்க்க அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? காத்திருந்து போய்விட்டார்களே என்று இருந்தது. “இன்னொரு நாளைக்கு வரச் சொல்லுங்கப்பா, காட்டுறேன்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் மேலூர்ல மாவட்டப் போட்டி. அத்தையும் வருது” என்றேன்.

அத்தை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்றிருந்தாள். கோப்பை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. “நான் அங்க போகலண்ணே” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலூருக்கு வரமாட்டாளாம். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த களைப்பெல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது. “அத்த இல்லேன்னா என்னால முடியாது. அத்த இங்கதான் இருக்கணும்” என்று தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழுதேன். பதின்மூன்று வயதுப் பெண் செய்யக்கூடாத காரியம்தான்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.

“அவ எங்கயும் போகல” என்றார் அப்பா. “இங்கதான் இருப்பா. எந்திரிச்சுக் கையக் கழுவு, சாப்புடலாம்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எப்போதும் நான் கேட்டது எதையும் உடனே தராத அப்பா, அன்று என் அழுகைக்கு இறங்கிவிட்டார் என்று வெற்றியோடு வெற்றியாக அதையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா அதை எனக்காகத்தான் சொன்னார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.