ரவியின் டிஸ்க் திறந்த மத்தியானம்

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரில் கெர்னல் என்று ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து ஓடுகிற புரோகிராம், அதில் தகவலைப் பூட்டுகிற பகுதியை எழுதுவதுதான் என் பிழைப்பு. பாஸ்வேர்டு தப்பென்றால் ஆண்டவனே வந்தாலும் திறக்காது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன்.

ரவியும் நானும் சென்னையில் ஒரே கம்பெனி, ஒரே வேலை. அவன் மரக்காணத்துக்காரன், உப்பளக் குடும்பம், சனி ஞாயிறு ஊருக்கு ஓடிவிடுவான். 2005 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கௌரியை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போனான். பாண்டிச்சேரியில் குடித்துவிட்டுத் திரும்பிய ஒரு கார் ஈ.சி.ஆர். ரோட்டில் இரண்டு பேரையும் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்தக் கார்க்காரன் இன்றைக்கும் நன்றாகத்தான் இருப்பான், அவனுக்கென்ன. கௌரிக்கு நாலு வயசு. அந்த ஜூனில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தார்கள்.

மிச்சம் அவன் மனைவி அமுதா. பிள்ளையின் படம் என்று அவளிடம் ஒன்றுகூட இல்லை. ரவி டிஜிட்டல் கேமரா வாங்கி, எடுத்ததையெல்லாம் லேப்டாப்பில் போட்டு, டிஸ்கையே பூட்டி வைத்திருந்தான். நாம் எழுதின பூட்டை நாமே போடாவிட்டால் எப்படி என்கிற திமிர். பாஸ்வேர்டு அவனோடு போய்விட்டது.

"அண்ணா, நீங்களும் அதே வேலதான பாக்கறீங்க? ஒரே ஒரு படம் எடுத்துக் குடுத்துடுங்கண்ணா, போதும். எம் புள்ள மூஞ்சியே மறந்துடும்போல இருக்குது" என்று போனில் அழுதாள். முடியாதும்மா என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

ரவியின் டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். அவள் சொன்ன பெயர், சாமி, பிறந்தநாள், பைக் நம்பர் எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை, நடக்காது என்று எனக்குத்தான் தெரியுமே. நடுவில் கரண்ட் போனது. என் பேட்டரி ஏற்கெனவே செத்தது. கரண்ட் வந்ததும் மறுபடி போட்டேன், அப்போது நான் கவனிக்காமல் விட்டதில், மெஷினில் சோதனைக்குப் போட்டு வைத்திருந்த வேறொரு கெர்னல் ஓட ஆரம்பித்துவிட்டது.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்தச் சமயம் எனக்கு ஆபீசில் கொடுத்திருந்தது, பூட்டுகிற ஃபங்ஷன்களை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்கிற புரோகிராம் துண்டுகளை, எளிமையாக்கும் வேலை. ஒரு ஃபங்ஷன் ஐந்து சங்கதி கேட்கும், மூன்றைத்தான் பார்க்கும். மீதி இரண்டையும் அதைக் கூப்பிடுகிற மற்ற துண்டுகளெல்லாம் நேர்த்திக்கடன் மாதிரி கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த இரண்டையும் வெட்டிவிட்டு, கூப்பிடுகிற இடத்தையெல்லாம் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். பாதி திருத்தி, பாதி திருத்தாமல் கிடந்த கெர்னல் அது. அதில் நீங்கள் என்ன பாஸ்வேர்டு அடித்தாலும் பூட்டுக்குப் போய்ச் சேரவே சேராது. நியாயமாக மெஷின் அப்படியே செத்து விழ வேண்டும்.

எனக்கோ எரிச்சல். "நீயே ஏதாவது அடிம்மா" என்று கீபோர்டைத் தள்ளினேன். அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, டைப்பிங்கும் தெரியாது. ஏதோ நாலு எழுத்தைத் தட்டினாள். டிஸ்க் திறந்துகொண்டது.

ஐயோ, என்று நான் சத்தமாகவே சொன்னேன். உள்ளே ரவி போட்டு வைத்ததெல்லாம் காணோம், ஒரே ஒரு படம். உப்புக் குவியலுக்கு முன்னால் கௌரி, நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, முதுகில் பை. முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிறாள்.

"பல்லு விழுந்துட்டுது பாருங்கண்ணா! இஸ்கூலுக்குப் போறா பாருங்க!" அமுதா ஸ்கிரீனைத் தடவித் தடவிச் சிரித்தாள். நாலு வயசில் செத்த பிள்ளைக்கு எப்போது பல் விழுந்தது? காப்பி எடுக்கக் கையை நீட்டுவதற்குள் பாழாய்ப்போன கரண்ட் மறுபடி போய்விட்டது.

அப்புறம் அதே கெர்னல், அதே டிஸ்க், அவள் விரலையே வைத்து எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் மெஷின் விழுந்தது, கணக்குப்படி. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் பார்த்தேன் என்று சொன்னேன். "ஏம்பா, படிச்சவன் நீயே இப்டி பேசறியே" என்று ரவியின் அப்பா என்னைத் திட்டி அனுப்பினார். நான் அந்த ஃபங்ஷன் வேலையை முடித்துக் கொடுத்தேன், சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

டிஸ்க் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஜூன் வந்தால் அமுதா போன் செய்வாள். இப்ப எந்த க்ளாஸ் பாருங்கண்ணா, பத்தாவது ரிசல்ட் வந்திருக்கும் பாருங்கண்ணா, காலேஜ் சேந்துட்டாளா பாருங்கண்ணா. மாட்டிப் பார்ப்பேன், திறக்காது, இன்னும் திறக்கலைம்மா என்பேன். இந்த வருஷம் ஜூனுக்கு முன்னாடியே கூப்பிட்டாள். நிதானமாகத்தான் பேசினாள்.

"அண்ணா, நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குது. பொண்ணு போட்டோ கேக்கறாங்க. இந்தத் தடவ தொறந்தா, சிரிச்ச மாதிரி ஒண்ணு பாத்து எடுத்துக் குடுங்க."

சரிம்மா என்று சொல்லிவிட்டேன். இன்னும் அந்த டிஸ்கை மாட்டவில்லை, பயமாக இருக்கிறது.