சித்னா என்றொரு கிணறு

இளவாலைப் பக்கம் கிணறு வெட்ட வேண்டுமென்றால் கிறகோரியைத்தான் கூப்பிடுவார்கள். சுண்ணாம்புக் கல்லை வெடி வைத்துப் பிளந்து, ஊற்றைக் கண்ட பிறகுதான் மனிதருக்குச் சாப்பாட்டு நினைவே வரும். வேலையில் சூரன், மற்றதெல்லாவற்றிலும் அவசரக்குடுக்கை. அந்த அவசரம் மகளின் பெயரில்தான் வந்து விடிந்தது.

மகள் பிறந்த காலத்தில் ஊர் முழுக்கப் பெயர் வைக்கும் காய்ச்சல். கருத்து யாருக்கு வேண்டும்? காதுக்குப் புதிதாக இருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சைவக்காரர் எண்சாத்திரம் பார்த்துத் தனுசியா, கீர்த்திகா என்று வைக்க, கிறகோரி விவிலியத்தைத் திறந்தார். தொழில் பக்தி, வேறென்ன! கிணறு வருகிற இடமாகத் தேடினார். தொடக்க நூலில் ஈசாக்கின் வேலையாட்கள் வெட்டிய கிணறுகளுக்குப் பெயர்கள் இருந்தன: ஏசேக்கு, சித்னா, இரகபோத்து. முதலாவது தும்மல் போல இருந்தது. மூன்றாவதைக் கூப்பிட்டு முடிக்கமுன் பிள்ளை ரோட்டைக் கடந்துவிடும். நடுவில் இருந்ததோ பெண்பிள்ளைக்கென்றே செய்த பெயர். முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே புத்தகத்தை மூடிவிட்டார். ஞானஸ்நானம் கொடுத்த பாதரும் முன்னால் ஒரு மேரியைச் சேர்த்ததோடு சரி.

சித்னா வளர்ந்து, படித்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலைக்குப் போனாள். பருத்தித்துறைப் பக்கத்து ஜெரிசனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போக, இரு வீட்டாரும் தலையாட்டினார்கள். வருகிற ஞாயிறு தொடங்கி இரண்டு ஊர்க் கோவில்களிலும் கலியாண அறிவித்தலாக மணமக்கள் பெயரை வாசிப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் பேசி முடிக்க ஜெரிசனின் தாய் மரியநாயகியும் அவருடைய தமையன் சந்தியோகுவும் வந்தார்கள். சந்தியோகு கோவிலில் மறைக்கல்வி கற்பிப்பவர். தேத்தண்ணி ஆறமுன் தொண்டையைச் செருமினார்.

“கிறகோரி, குறை நினையாதேயும். பிள்ளையின்ரை பேருக்குக் கருத்துத் தெரியுமே? எபிரேயத்திலை பகை எண்டு அர்த்தம். அந்தக் கிணத்துக்காக ஊரார் சண்டைக்கு வந்தபடியால் ஈசாக்கு வைச்ச பேர். சாத்தான் எண்ட சொல்லும் அதே வேரிலை பிறந்ததுதான்.”

கிறகோரிக்கு உலகமே இருண்டுவிட்டது. பிள்ளை சின்னதில் நோயாய்க் கிடந்தது, பள்ளிக்கூடத்து முதல் சோதனையில் கோட்டை விட்டது, தாயை இடையில் பறிகொடுத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பெற்ற பிள்ளைக்குத் தானே சாபம் போட்டுவிட்டதாக நினைத்தார்.

“மாத்துவம்,” என்றார். “ஞாயிற்றுக்கிழமை மேரி எண்டு மட்டும் வாசிக்கட்டும்.”

குசினியில் அடுப்போடு நின்ற சித்னா வாசலுக்கு வந்தாள். “அப்பா, மேரி எண்டு என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ஆரோ ஒரு மேரியின்ரை கலியாணத்துக்கு நான் ஏன் சேலை கட்டோணும்?”

மரியநாயகி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் வீடு கடற்கரையில்; வீட்டு வளவுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். கலியாணமாகி வந்த நாள் முதல் குடிதண்ணீருக்கு அயலூர்க் கிணற்றடியில் குடத்தோடு நின்று, தண்ணீர் அள்ளும் முறைக்கு வாய்ச்சண்டை பிடித்துப் பழகிய மனுசி.

“அண்ணை,” என்று தமையனைக் கேட்டார், “அந்தக் கிணத்துத் தண்ணி எப்பிடி?”

சந்தியோகு விழித்தார். “அது எழுதேல்லை.”

“எழுதத் தேவையில்லை. எங்கடை வளவுக் கிணத்துக்கு இண்டைவரைக்கும் ஒருத்தரும் சண்டைக்கு வரேல்லையே. உப்புத் தண்ணி ஆருக்கு வேணும்? நல்ல தண்ணியெண்டபடியால்தானே எனக்கு உனக்கெண்டு அடிபட்டிருக்கினம்.”

கிறகோரி வாயைப் பிளந்தார். பொதுக்கிணற்றுச் சண்டைகள் எத்தனையில் சாட்சி சொன்ன மனிதர்! ஆயுளில் பாதியைக் கிணற்றுக்குள் கழித்தும் இந்தச் சின்னக் கணக்கு அவருடைய மண்டையில் ஏறவில்லை. பேசப் போனவருக்கு அழுகைதான் வந்தது. சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அழாதேங்கோ,” என்றார் மரியநாயகி. “பாதர் பேரை முழுசா வாசிக்கட்டும். ஆராவது கருத்துக் கேட்டால் நான் சொல்லுறன், ஊரே அடிபட்ட கிணறு எங்கடை வீட்டுக்கு வருகுது எண்டு.”