கிட்டார் கலைவாணனுக்கு வயிறு எரிந்த கதை

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை கலைவாணனுடையது. கடைப் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. கிட்டார் கலைவாணன் என்றால் சிறுவாச்சூரிலிருந்து ஆண்டிமடம் வரைக்கும் தெரியும். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவின் கிட்டார் அவர்தான். பாட்டுக்கு நடுவே பாடகரை ஓரங்கட்டிவிட்டு முன்னால் வந்து ஒரு வாசிப்பு வாசிப்பார், விசில் பறக்கும். அந்த விசில் இல்லாவிட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

இப்படிப்பட்டவருக்கு நாற்பத்தெட்டு வயதில் ஓர் ஆசை வந்தது. இணையத்தில் எதையோ தேடப்போய், இருநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர் ஒருவர் கிட்டாருக்கும் வயலினுக்கும் சேர்த்து எழுதிய இசைக்குறிப்பு கண்ணில் பட்டது. எவ்வளவு தேடியும் அதை யாரும் வாசித்துப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. உலகமே மறந்ததைப் பெரம்பலூர்க்காரன் வாசித்தான் என்று பேர் வர வேண்டும். திருவிழாக் கிட்டார் என்று இளக்காரமாகப் பேசிய வாயெல்லாம் அடைத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

நைலான் கம்பி போட்ட கிட்டார் வாங்கினார். அந்தக் கம்பியை மீட்ட வலது கையில் நகம் வளர்த்தார். காப்பர் கம்பி இழுக்கிற கையில் நகம் நிற்குமா? உடைந்தது, ஒட்டினார், மறுபடி உடைந்தது. மோட்டார் தூக்கி வந்த விவசாயிகள், "என்னங்க, மருதாணி வைக்கலையா?" என்று கிண்டலடித்தார்கள். தன் பகுதியை மட்டும் தனியாக உட்கார்ந்து மாசக்கணக்கில் பழகினார். தலைப்பில் கிட்டாரின் பெயர்தான் முதலில் இருந்தது. அதனால் கிட்டார்தான் ராஜா, வயலின் சும்மா பின்னால் இழுத்துக்கொண்டு வரும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

வயலினுக்குக் கீழப்பழுவூர் ஹேமலதாவைப் பிடித்தார். அரியலூரில் பாட்டு டீச்சர். கோயில் கச்சேரிகளில் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர், அதிகம் பேசமாட்டார். மேற்கத்தியக் குறிப்பைப் படிக்க முதலில் திணறினார். ஸ்வரத்தை அசைக்காமல் நேராக வாசிக்கக் கச்சேரியில் பழகிய விரல் கேட்கவில்லை. கலைவாணனுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். ஒருவழியாகப் பிடி கிடைத்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் இருவரும் முதல்முறையாக முழுசாகச் சேர்ந்து வாசித்தார்கள்.

அப்போதுதான் குட்டு உடைந்தது. மெட்டு முழுக்க வயலினுக்கு. கிட்டாருக்கு அடியில் டிங் டிங் என்று தாங்கிப் பிடிக்கிற வேலை. டீ கொண்டுவந்த சாமிக்கண்ணு நின்று கேட்டுவிட்டு, "டீச்சர், அழுவ வச்சுட்டீங்களே" என்றான். பிறகு ஞாபகம் வந்தவனாகக் கலைவாணன் பக்கம் திரும்பி, "நீங்களும் கூடவே வந்துட்டீங்கண்ணே" என்றான்.

கூடவே வந்தாராம்! தேடி எடுத்தது யார், நகம் உடைந்தது யாருக்கு? கலைவாணனுக்கு வயிறு பற்றி எரிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நொந்துகொண்டார். அந்த ஓணான், பாவம், டீயைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் சார் என்று பஸ் ஏறிப் போனது.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் சொல்ல அழகில்லை. ஹேமலதா மெட்டின் உச்சிக்குப் போகும்போது இவர் வேண்டுமென்றே கம்பியை ஓங்கி அடிப்பார். "கொஞ்சம் அடக்கி வாசிங்க டீச்சர், இது கச்சேரி இல்ல" என்பார். "சரிங்க சார்" என்று ஹேமலதா அடக்கிக்கொள்வார். அடக்கி வாசித்தாலும் அழகாக இருந்தது, அது இன்னும் எரிச்சல்.

லெப்பைக்குடிக்காட்டுப் பிலால் துபாயில் சவுண்ட் வேலை பார்த்துவிட்டு வந்து பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்தான். அங்கேதான் பதிவு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், ஆளுக்கொரு மைக். நல்லபடியாக முடிந்தது. ஹேமலதா தண்ணீர் குடிக்க வெளியே போனதும் கலைவாணன் பிலாலிடம் குனிந்தார்.

"தம்பி, வயலினைப் பாதியாக் கொறச்சுடு. கிட்டாரைத் தூக்கு."

"அண்ணே, பாட்டே அதுலதானே இருக்கு?"

"சொன்னதைச் செய்யி."

பிலால் செய்தான். ஹேமலதா உள்ளே வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. டிங் டிங் பெரிதாக முன்னால் நின்றது. வயலின் பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது. கோபம் வரும், சண்டை வரும் என்று கலைவாணன் பதில்கூடத் தயாராக வைத்திருந்தார்.

"நல்லாருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு ஹேமலதா வயலினைப் பெட்டியில் வைத்தார்.

கலைவாணனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஒங்க சத்தம் கம்மியா இருக்குன்னு தோணுதா டீச்சர்?"

"எனக்குப் பழக்கந்தான் சார். கச்சேரியில பாடுறவங்க மைக்செட்காரரைப் பாத்து இப்படிக் கையைக் கீழ காட்டுவாங்க. என் சத்தத்தைக் கொறைன்னு அர்த்தம். நான் நல்லா வாசிக்கிற அன்னைக்குத்தான் காட்டுவாங்க. அதை வச்சுத்தான் இன்னிக்கு நல்லா வாசிச்சிருக்கோம்னு தெரிஞ்சுக்குவேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் கலைவாணனால் தாங்க முடியவில்லை. உடைந்த நகத்தைத் தடவிக்கொண்டே பிலால் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வயலினை ஏத்து."

"எவ்வளவுண்ணே?"

"எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவும் ஏத்துடா!" என்று அவன்மேல் எரிந்து விழுந்தார்.

மறுபடி கேட்டார்கள். பொறாமை அடங்கியதா என்றால் இல்லை. இவ்வளவு நன்றாக வாசித்துத் தொலைத்திருக்கிறாரே என்று இன்னும் கூடியது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

யூடியூபில் ஏற்றிய மறுவாரம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: வயலின் வாசிப்பது யார்? மோட்டாரைப் பிரித்துப் போட்டபடி கலைவாணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, "ஹேமலதா, கீழப்பழுவூர்" என்று பதில் எழுதினார். கிட்டார் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவரைக்கும் காத்திருக்க அவரால் ஆகவில்லை. அடுத்த வரியில், "கூட வாசிப்பது நான்" என்று எழுதிப் போட்டார்.