நூற்றெட்டாவது சமித்து

மலைக்கோயிலில் குமாசோவுக்கு எழுத்து வேலை. மாதம் இருபத்தெட்டாம் தேதி ஃபுதோ சாமிக்கு ஹோமம் நடக்கும். எழுதத் தெரியாத ஜனங்கள் வரிசையில் வந்து பேர், வயசு, வேண்டுதல் சொல்ல, அவர் தூரிகையைத் தோய்த்துச் சமித்தின்மேல் எழுதிக் கொடுப்பார். அவர்கள் அதை நெற்றியில் ஒற்றிக் கும்பிட்டு அடுக்கில் வைப்பார்கள். ரியோகென் சாமியார் முத்திரை பிடித்து மந்திரம் சொல்லி ஒவ்வொன்றாகத் தீயில் இடுவார். பதினாறு வருஷமாக இப்படித்தான். குமாசோ கையால் எழுதினால் சாமி காதில் சீக்கிரம் விழும் என்று அவா என்கிற அந்த நாட்டின் மலையோர ஊர்களில் ஒரு பேச்சுகூட உண்டு. யாராவது சொன்னால் கூச்சத்தோடு தலையைச் சொறிவார். உள்ளுக்குள் அது பிடிக்கும்.

விஷக்காய்ச்சல் வந்த, தைஷோ மன்னர் ஆட்சியின் ஏழாம் வருஷம் இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது படுத்திருந்தார்கள். சமித்து அறுக்கிற ஆளும் படுத்துவிட்டான். காய்ந்த மரம் நூற்றெட்டுக் குச்சிக்குத்தான் தேறியது. "வீட்டுக்கு ஒண்ணு, அவ்வளவுதான்" என்றார் சாமியார்.

குமாசோவின் மனைவி கியோவும் ஐந்து நாளாகக் கண் திறக்காமல் கிடந்தாள். முதல் குச்சியிலேயே அவள் பேரை எழுதியிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். எழுதுகிறவன் முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்டான் என்று பேச்சு வருமே என்று, கடைசிக் குச்சியைத் தனக்கென்று மனசுக்குள் ஒதுக்கி வைத்தார். நூற்றேழு எழுதி முடித்தார். உள்ளே முரசு அதிர ஆரம்பித்துவிட்டது. நூற்றெட்டாவதைக் கையில் எடுத்தபோது தோமே படியேறி வந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் கரி சுடுகிற ஊர்க்காரி. புருஷன் இல்லை. மூச்சு இரைக்க வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சு போச்சாங்கய்யா? என் பொண்ணுக்கு முடியலை. பேரு மினே. ஒம்பது வயசு. நெஞ்சு அடைக்குதுங்குறா."

"ஒண்ணு இருக்கும்மா" என்றார் குமாசோ. வாய் முந்திக்கொண்டது.

சொல்லிவிட்டுக் குனிந்தார். தூரிகை எழுதியது: கியோ, முப்பத்து நான்கு, நோய் நீங்க. கை தானாகப் போயிற்று என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது பொய். தெரிந்தேதான் எழுதினார்.

"மினேன்னுதானே போட்டிருக்கீங்க?"

"ஆமாம்மா."

இரண்டு கையாலும் வாங்கினாள். நெற்றியில் ஒற்றவில்லை, தன் நெஞ்சில் வைத்துத் தேய்த்தாள். "இங்கதான் சாமி அவளுக்கு வலி, இங்கதான்" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். பிறகு அடுக்கில் வைத்துவிட்டு, கடைசிக் குச்சி எரிந்து அடங்கும்வரை வாசலில் கைகூப்பி நின்றாள்.

மூன்றாம் நாள் கியோ கஞ்சி கேட்டாள். நான்காம் நாள் தோமே மறுபடி கோயிலுக்கு வந்தாள். ஒளி மந்திரம் ஓதிய மணல் கேட்டு வந்திருந்தாள். செத்தவர்கள்மேல் அதைத் தூவினால் விறைத்த உடம்பு இளகும், பாவம் கரையும் என்பார்கள்.

"ஒம்பது வயசுப் பிள்ளைக்குப் பாவம் ஏது? இருந்தாலும் கேட்டு வைப்போம்னு வந்தேன்" என்றாள். மணல் பொட்டலத்தை குமாசோதான் மடித்துக் கொடுத்தார். "நீங்களும் நல்லாத்தான் எழுதிக் கொடுத்தீங்க. அவ விதி" என்று அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றே அவர் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

ரியோகென் முழுதும் கேட்டார். பிறகு, "தீ எழுத்துக் கூட்டிப் படிக்காதுப்பா. அங்க எரியிறது நம்ம ஆசையும் மயக்கமும். ஒருத்தி உசுரை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க ஃபுதோ சாமி தராசு பிடிக்கலை" என்றார்.

"அப்போ எதுக்கு சாமி எழுதுறோம்?"

சாமியார் ஜபமாலையை மடியில் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். நீ அந்தம்மாகிட்ட பொய் சொன்னது தீயில எரியாது. அதுக்கு என்கிட்ட மந்திரமும் இல்லை."

கியோ தெம்பாகிக் கிணற்றடிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளிடமும் சொன்னார். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்ன நெனச்சு எழுதினீங்க?"

"நீ பொழைக்கணும்னு."

"அந்தப் புள்ள?"

குமாசோ வாளியை எடுக்கக் குனிந்தார்.

"என்னைக் காரணம் காட்டாதீங்க. நானா கேட்டேன்? போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்கு நீங்க ஊட்டின கஞ்சிகூட நெஞ்சுல நிக்கும்."

போகிறேன் போகிறேன் என்று நாளைக் கடத்தினார். மினே செத்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கன்றுதான் மலையைத் தாண்டினார். தோமே கரிச்சூளைக்குப் பக்கத்தில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். அவள் சாம்பல் வாருவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?" என்றாள் கடைசியில்.

"சொல்ல தைரியம் வரலைம்மா."

"இல்லைன்னு சொல்லியிருந்தா அப்பவே ஓடியாந்திருப்பேன். ஹோமம் முடியிறவரைக்கும் உங்க வாசல்ல கையைக் கூப்பிக்கிட்டு நின்னேனே! நான் வீடு வந்தப்போ புள்ளைக்கு நெனவு தப்பிப் போச்சு. அப்புறம் மூணு நாளும் அவ என்னை அடையாளமே கண்டுக்கலை. நான் வர்றவரைக்கும் 'அம்மா எங்கே, அம்மா எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா."

ஒரு உயிருக்கு இன்னொரு உயிர் என்றுதான் அத்தனை நாளும் குமாசோ பயந்திருந்தார். இது அவர் கணக்கிலேயே வராதது. மண்ணில் தலைபட விழுந்தார். அவள் எழுந்திரு என்று சொல்லவில்லை.

ரொம்ப நேரம் கழித்து ஒரு சுள்ளியை அவர் முன்னால் போட்டாள். "அவ பேரை எழுதுங்க. இங்க, சாம்பல்ல."

இரண்டே எழுத்து. எழுதினார். குனிந்து பார்த்தாள்.

"இது மினேதானா?"

"சத்தியமா."

"உங்க சத்தியம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் பார்லி விற்கிறவளைக் கூட்டி வந்து காட்டினாள். அவள் உரக்கப் படித்தாள்: "மி... னே." அதற்குப் பிறகுதான் தோமே அழுதாள். "போங்க" என்றாள் அவரைப் பார்க்காமல்.

அந்த மாதத்திலிருந்து குமாசோ எழுத்து மேஜையில் உட்காரவில்லை. சாமியார் தடுத்தும் கேட்காமல் மரம் அறுக்கப் போய்விட்டார். தேவைக்குமேல் இருநூறு குச்சியாவது அறுத்து அடுக்கி வைத்துவிடுவார். 'கிறுக்குப் பிடிச்சிடுச்சா?' என்று ஜனங்கள் கேலி செய்தார்கள்.

மறு வருஷத்திலிருந்து கியோ ஆண்டுதோறும் மினேயின் திதிக்கு ஊதுபத்தியும் மோச்சி என்கிற அரிசி உருண்டையும் எடுத்துக்கொண்டு மலையைத் தாண்டிப் போனாள். முதல் வருஷம் தோமே கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் வருஷம் திறந்தாள். போகப் போக இரண்டு பெண்களும் தேநீர் குடித்துக்கொண்டு மதியம் முழுக்கப் பேசுகிற அளவுக்கு ஆயிற்று.

குமாசோவும் துணைக்குப் போவார், ஊர் எல்லைவரை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, திரும்பி வருகிற கியோவின் முகத்தைப் பார்ப்பார். உள்ளே வரச்சொல் என்று தோமே ஒரு வருஷமும் சொல்லி அனுப்பவில்லை. அவரும் கேட்கவில்லை.