நான்கு பள்ளிக்கூடமும் ஒரு ஃபெர்ரிப் பயணமும்

பதினோராம் வகுப்புக்கு வருமுன் என் மகள் ரோஸ்மேரி நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். நான் அந்தமானில் அரசாங்க லாஞ்சில் கலாசி, கயிறு இழுக்கிற படகு வேலை. மாற்றல் உத்தரவு வந்த தீவுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். போர்ட் பிளேரில் தமிழில் படித்தாள். மாயாபந்தரில் எல்லாம் இந்தி. அங்கே ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு ரங்கத். கடைசியில் பாம்பூஃப்ளாட்.

மூத்தவன் அந்தோணி இப்படி மாறி மாறித்தான் எட்டாவதோடு நின்றான்.

"புது கிளாஸ்ல நான் வாயத் தொறந்தாலே சிரிக்காங்கப்பா" என்றான்.

அடித்தேன். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கூடமே போகவில்லை.

ரோஸ்மேரியின் பொதுப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது மறுபடி உத்தரவு. தெற்கே ஒரு சின்னத் தீவு. அங்கே அவள் வகுப்பே கிடையாது. அவள் அழவில்லை. புத்தகங்களை டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். நான் வெளியே போய் நின்றேன்.

ஒன்பது நாள் மாதாவுக்கு நவநாள் சொன்னேன். உத்தரவு ரத்தாக வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். பத்தாம் நாள் ஆபீசில் விசாரித்தேன்.

"ஜானா படேகா, பாய். புதன்கிழமை ஜஹாஜ்" என்றார் கிளார்க். போய்த்தான் ஆக வேண்டும். மாதா கேட்கவில்லை என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து, வீட்டுக்குத் திரும்ப சாத்தம் துறையில் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி ஏறினேன். தெரேசம்மாளும் ஏறினாள். ரோஸ்மேரியின் ஞானத்தாய். ஆறு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை. முதல் மாற்றலின்போது, "ரெண்டு பிள்ளையையும் என்கிட்ட விட்டுட்டுப் போங்க, படிக்கட்டும்" என்றாள். "பிள்ள வேணும்னா நீ பெத்துக்கோ" என்றேன். அவளுக்குப் பிள்ளை இல்லை.

அவள் ஏறினால் நான் இறங்கி அடுத்த ஃபெர்ரிக்கு நிற்பேன். அன்று என் கால் எழவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மறுபடி மாத்தல் வந்திருக்காமே?"

தலையாட்டினேன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"புதன்கிழமை கப்பல்."

"பிள்ள படிப்பு?"

பாம்பூஃப்ளாட் துறை வந்துவிட்டது. "தெரேசம்மா, அன்னைக்கு நான் சொன்னது…"

"அத விடுங்கண்ணே. அவ பெட்டிய எப்பக் கொண்டு வாறீக?"

புதன்கிழமை ரோஸ்மேரியைத் தெரேசம்மாள் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினோம். முதல் தடவை இந்தியில் தவறினாள். மறுபடி எழுதித் தேறினாள். கடிதம் எங்கள் தீவுக்கு வந்தபோது என் மனைவி முழங்காலில் நின்றாள். இன்று ரோஸ்மேரி பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

உத்தரவு கடைசிவரை ரத்தாகவில்லை. அந்த ஃபெர்ரியில் மாதா என் காலைக் கட்டினாள், என் வாயைத் திறந்தாள். ஸ்தோத்திரம். அந்தோணி இன்று லாஞ்சில் கலாசி. அவனுக்காகவும் தினம் ஒரு ஜெபமாலை சொல்கிறேன்.

பிள்ளைகளோடு கப்பலுக்கு நிற்கும் சகோதரர்களே, மாதாவிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, பேசாதவர் எதிரே வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடாதீர்கள்.